ஜெர்மன்காரன் சொன்னால்தான் கேட்போமா?



அந்நிய முதலீடு வந்தால் பசுமைத் தொழில்நுட்பமும் கூடவே வந்துவிடும், நம் நகரங்கள் தூய்மையாகிவிடும் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நம்புவதற்கு முன் நம் மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஓடிக்கொண்டிருந்த பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் எங்கே வந்து இறங்கியது? கொடைக்கானலில்! அவர்கள் ஊரில் மூடிய ஆலை நமக்கு ‘முதலீடு’ ஆனது. 2001இல் பாதரசக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது அம்பலமாகி, மக்கள் திரண்ட பிறகே அது மூடப்பட்டது. கழிவின் ஒரு பகுதி 2003இல் அமெரிக்காவுக்கே கப்பலேறியது.

அந்நியப் பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போடும் பென்டா குளோரோ ஃபீனாலை 1989இல் ஜெர்மனி தடை செய்தது. புற்றுநோய் உண்டாக்கும் அசோ சாயங்களை 1994இல் தடுத்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் என்ன நடந்தது? ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் மருந்தையும் சாயத்தையும் மாற்றினோம். முடியாது என்று யாராவது சொன்னோமா?

ஆனால் அந்தச் சட்டம் காத்தது செருப்புப் போடும் ஜெர்மன்காரனின் காலை; பாலாற்றுத் தண்ணீரை அல்ல! அவன் தோலைச் சோதிப்பான். நம் கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டான்.

அந்தக் கிணற்றுக்காக 1991இல் வேலூர் மக்கள் உச்சநீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பு வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்றது நீதிமன்றம். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

அதோடு முடிந்ததா? 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஏழைகள்! 2025 ஜனவரியிலும் உச்சநீதிமன்றம் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது.

‘முஸ்லிம்கள் கையில் இருக்கும் தொழில், அதனால்தான் நெருக்குகிறார்கள்’ என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். கெட்டுப்போன தண்ணீரைக் குடித்தவர்களில் நம் மஹல்லாவின் தாய்மார்கள் இல்லையா? நமக்குச் சோறு போடும் பக்கத்துக் கிராமத்து விவசாயி நம் அண்டைவீட்டார் இல்லையா? தண்ணீர் எல்லோருக்கும் பொது என்று போதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் இதற்கு என்ன பதில் சொல்லும்?

2024இல் பனப்பாக்கத்தில் தைவான் நிறுவனம் 1,500 கோடி ரூபாய் முதலீட்டில் தோல் அல்லாத காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. வேலை வரட்டும், வரவேற்போம். ஆனால் அந்தப் பணம் பாலாற்றைக் கழுவ வரவில்லை. கண்டிப்பான சட்டமும் விழிப்பான மக்களும் இருக்கும் ஊருக்குத்தான் அந்நிய முதலீடு நல்ல தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும். கேள்வி கேட்க ஆளில்லாத ஊருக்குக் கழிவைத்தான் கொண்டுவரும்.

வியாபாரிகளே! வெளிநாட்டுக் கம்பெனியோடு பேச உட்காரும்போது விலையை மட்டும் பேசாதீர்கள். ‘உங்கள் நாட்டில் கழிவை எப்படிச் சுத்தம் செய்கிறீர்களோ, அதே இயந்திரம் இங்கும் வேண்டும், செலவில் பங்கு கொடுங்கள்’ என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் ஆர்டர் பக்கத்து டேனரிக்குப் போய்விடும். எனவே சங்கமாகக் கேளுங்கள்.

இளைஞர்களே! தண்ணீரில்லாமல் குரோம் பதனிடும் முறையைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் அல்ல. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அதைப் படித்து, உங்கள் ஊர் டேனரிக்குக் கொண்டுவாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனை முடிவை மாதந்தோறும் ஜமாஅத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ஜெர்மன்காரனுக்குப் பயந்து சாயத்தை மாற்றிய நாம், அல்லாஹ்வுக்குப் பயந்து ஆற்றைக் காக்க வேண்டாமா? சிந்தியுங்கள்!