வழி மறுக்கும் உரிமை இல்லாதவர் வழிகாட்டி அல்லர்

‘வழிகாட்டியுடன் கூடிய மலையேற்றம்’ என்னும் தொடர் மூணாறிலும் சூரியநெல்லியிலும் போடியிலும் டாப்ஸ்லிப்பிலும் இன்று பாதுகாப்பின் மறுபெயராகப் புழங்குகிறது. விளம்பரத்தில் அது இடம்பெற்றால் பெற்றோர் அஞ்சுவதில்லை. கல்லூரி நிர்வாகம் கேள்வி எழுப்புவதில்லை. ஆய்வு மாணவர் களப்பணிக்கு அனுமதி கோரும் கடிதத்திலும் அதையே எழுதுகிறார். அந்த வழிகாட்டி யார், அவருக்கு என்ன அதிகாரம் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் விடை எளியது. முன்னால் நடப்பது அவர் வேலை. போகலாமா கூடாதா என்று முடிவெடுப்பது அவர் வேலையன்று. ஆபத்தை அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் பெற்றவருக்கு அந்த அறிவு இல்லை. மலையேற்றத்தின் பெயரால் நிகழும் சாவுகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த இடைவெளியிலிருந்தே தொடங்க வேண்டும்.

பாலக்காடு, இடுக்கி எல்லை மலைகள் இந்த இடைவெளியைத் தெளிவாகக் காட்டுகின்றன. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குச் செல்லும் சாலையோ தமிழ்நாட்டின் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே செல்கிறது. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கான ஜீப் பாதையோ இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்தே ஏறுகிறது. ஒரு மாநிலத்தின் மலைக்கு இன்னொரு மாநிலம் வாசல். இரு வனத்துறைகள், இரு சட்டத் தொகுதிகள், இரு மொழிகளில் அறிவிப்புப் பலகைகள். இவற்றுக்கிடையே மாறாமல் இருப்பவர்கள் முதுவர், காடர், மலசர், மலைமலசர் ஆகியோர். எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே அவர்களது தடங்கள் அங்கே இருந்தன. இன்று அத்தடங்களுக்கு வரைபடமும் கட்டணமும் நேர அட்டவணையும் வந்துவிட்டன. அவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் வரவில்லை.

2018 மார்ச் 11 ஞாயிற்றுக்கிழமை குரங்கணியில் நடந்ததை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இரு குழுவினர் முதல் நாள் கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஆயினும் இருட்டிய சரிவில் முதலில் ஏறி, வெந்த உடல்களைப் போர்வையிலும் தோளிலும் சுமந்து இறக்கியவர்களில் உள்ளூர் மக்களே முன்னின்றனர்.

மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளின் புல் காய்ந்து கிடக்கும் என்பதும், சரிவில் தீ கீழிருந்து மேலே மிக வேகமாக ஏறும் என்பதும் ஆராய்ச்சியால் மட்டும் கண்டறிய வேண்டிய உண்மைகள் அல்ல. அந்த மலையில் மாடு மேய்த்தவருக்கும் தேன் எடுத்தவருக்கும் அது அன்றாட அறிவு. ஆனால் பயணத்தின் நாள் மலையின் பருவத்தைக் கொண்டு குறிக்கப்படவில்லை. மகளிர் நாளையும் வார இறுதியையும் கொண்டு குறிக்கப்பட்டது. மீட்கும்போது தேவைப்பட்ட உள்ளூர் மக்களிடம், ஏறுவதற்கு முன் எவரும் ஒப்புதல் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

விபத்துக்குப் பின் அரசுகள் இரண்டே விடைகளை அறிந்திருக்கின்றன: ஒன்று தடை, மற்றொன்று விற்பனை. குரங்கணிக்குப் பின் முதலில் தடை வந்தது. 2018 முடிவதற்குள் தமிழ்நாடு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 வழித்தடங்களுடன் தொடங்கப்பட்டது. அதில் நன்மை இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. உள்ளூர் இளைஞர்களுக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி கிடைத்தது. தீக்காலத்தில் நடைகள் நிறுத்தப்படுகின்றன. ஆயினும் அடிப்படை மாறவில்லை. இணையத்தில் இடம் பிடித்துப் பணம் கட்டியவர் வாடிக்கையாளர். முன்னால் நடப்பவர் சேவை வழங்குபவர். வாடிக்கையாளருக்கு முன் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லும் துணிவை எந்தச் சீருடையும் தந்துவிடாது.

தடை என்னும் விடையின் தோல்வியைப் பாலக்காடு காட்டியது. 2022 பிப்ரவரியில் மலம்புழாவை அடுத்த குறும்பாச்சி மலையில் ஏறிய ஓர் இளைஞர் தவறி விழுந்து, செங்குத்துப் பாறையின் இடுக்கில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் உணவும் நீரும் இன்றி இருந்தார். இராணுவம் வந்து மீட்டது, நாடே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தபின் எஞ்சிய பேச்சு, வனத்துறை வழக்குப் போடலாமா என்பது பற்றியது. ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையில் அவ்வூர் இளைஞர் ஏறத்தான் செய்வார். அவரிடம் ‘ஏறாதே’ என்று சொல்லும் பலகை இருக்கிறது. எங்கே, எப்போது, யாருடன் ஏறலாம் என்று சொல்லும் ஏற்பாடு இல்லை.

மூன்றாவது விடை ஒன்று உண்டு. அதை ஆண்டிஸ் மலைத்தொடரில் காணலாம். எக்வடோரில் பனி மூடிய எரிமலைச் சிகரங்களில் ஏற விரும்புவோர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே செல்ல வேண்டும். அந்நாட்டு மலை வழிகாட்டிகளுக்கெனச் சொந்தச் சங்கமும் பயிற்சிப் பள்ளியும் உள்ளன. 5,897 மீட்டர் உயரமுள்ள கோட்டோபாக்சியில் நள்ளிரவையொட்டி ஏறத் தொடங்குவர். விடியலில் சிகரத்தை எட்டி, வெயில் ஏறிப் பனி இளகும் முன் இறங்கிவிட வேண்டும். குறித்த நேரத்துக்குள் எட்ட முடியாதெனத் தெரிந்தால், திரும்பு என்று சொல்பவர் வழிகாட்டி. உலகின் மறுகோடியிலிருந்து பெரும் பணம் செலவழித்து வந்தவரும் அச்சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். அங்கும் சந்தையின் அழுத்தம் இல்லாமல் இல்லை; விபத்துகளும் நின்றுவிடவில்லை. ஆனால் திருப்பி அழைத்து வருவது அங்கே வழிகாட்டியின் தொழில் கடமை. இங்கே அது வாடிக்கையாளரின் வருத்தத்துக்கும், அடுத்த முறை அழைப்பு வராமல் போவதற்கும் காரணமாகும் குற்றம்.

ஆண்டிஸைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அதே மலைத்தொடர் இன்னொரு பொய்யையும் வளர்த்தது. 6,739 மீட்டர் உயரமுள்ள யுயையாக்கோ எரிமலையில் 1952இல் சிலே நாட்டினர் இருவர் ஏறியது முதல் ஏற்றமாகப் பதிவாயிற்று. ஏறியவர்களை அங்கே வரவேற்றவை இன்கா மக்களின் கட்டட இடிபாடுகள். 1999இல் அதே உச்சியில் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன் பலியிடப்பட்ட மூன்று இன்காச் சிறார்களின் கெடாத உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. ஏறியவர்கள் முன்பே இருந்தார்கள். எழுதியவர்கள்தாம் பிந்தி வந்தார்கள்.

2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் பதிவான முதல் ஏற்றமும் 1862இல் சென்னைப் படையின் அதிகாரியான டக்ளஸ் ஹாமில்டன் பெயரில்தான் இருக்கிறது. அவருக்குக் காடு தெரியும். துப்பாக்கியும் நாட்குறிப்பும் தெரியும். அந்த மலைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அதன் உச்சியை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்தார்கள் என்று நம்புவதற்கு அசாத்தியமான வெகுளித்தனம் வேண்டும். கண்ணன் தேவன் மலைகளின் பெயரிலுள்ள கண்ணன் யார் என்பதில் முதுவர் தலைவர் என்றும் அஞ்சுநாட்டு ஊர்த்தலைவர் என்றும் கதைகள் மாறுபடுகின்றன. மனிதர் மங்கிப்போனார், தேயிலைப் பொட்டலத்தில் பெயர் நிலைத்துவிட்டது.

மொழியியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘ஷெர்ப்பா’ என்பது ஓர் இனக்குழுவின் பெயர். இமயமலையேற்ற வணிகம் அதைச் சுமை தூக்கும் தொழிலின் பெயராக்கியது. பின்னர் உச்சி மாநாடுகளில் தலைவர்களின் வேலையை முன்கூட்டிச் செய்து வைக்கும் அதிகாரிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு மக்களின் பெயர் பொதுச்சொல்லாவது அவர்களுக்குக் கிடைத்த பெருமையன்று. அவர்கள் தனி மனிதர்களாகக் காணப்படாமல் போனதன் சான்று. முதுவர் தம் பெயருக்குச் சொல்லும் மரபுவழி விளக்கமும் முதுகோடு தொடர்புடையது: மதுரையை விட்டு மலையேறியபோது தெய்வத்தை முதுகில் சுமந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. தெய்வத்தைச் சுமந்தவர்களின் பேரர்கள் இன்று நகரத்தாரின் கூடாரத்தையும் கேஸ் அடுப்பையும் சுமக்கிறார்கள். பெயரின் பொருள் மாறவில்லை என்று சுற்றுலாத்துறை மகிழலாம்.

தமிழ் இலக்கிய மரபு இதைவிட மேலானதொன்றை அறிந்திருந்தது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். வழி அறிந்தவர் வழி அறியாதவருக்குச் சொல்லும் கூற்று, ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்த மொழி இது. கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனின் மலைநாட்டு வழியை விரிக்கிறது. அதில் சிகரத்தின் அழகு மட்டும் இல்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு ஒடுங்கிய குழி, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை ஆகியவை ஒவ்வொன்றாக எச்சரிக்கப்படுகின்றன. கவர்வழிகளில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள், பின்னால் வரும் புதியவர்கள் வழி தவறக்கூடாது என்றும் அறிவுறுத்தப்படுகிறது. பெருங்கௌசிகனாரின் அந்த வழிகாட்டும் கூத்தன் கூலியாள் அல்லன். பேசுபவன் அவன், கேட்பவர்கள் பயணிகள். இன்றைய மலையேற்றத்தில் பயணிகள் பேசுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், பதிவிடுகிறார்கள்; வழிகாட்டி கேட்டுக்கொண்டு நடக்கிறார்.

சுற்றுலாவைக் குறைகூறிவிட்டுப் பல்கலைக்கழகம் கைகழுவிக்கொள்ள முடியாது. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற அறிவியலாளர் குழுவுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், களைப்பு நீங்க ஒரு செடியின் பழத்தைத் தின்றபடி நடந்தனர். அதைக் கண்டு கேட்டதில் தொடங்கியதே ஆரோக்கியப்பச்சை ஆய்வும் ‘ஜீவனி’ மருந்தும். வருவாயில் காணிக்காரருக்குப் பங்கு தந்த முன்மாதிரி என அது உலகெங்கும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்தப் பங்கும் விதிவிலக்காக வாய்த்ததே. எத்தனை தாவரவியல், விலங்கியல், மானிடவியல், மொழியியல் ஆய்வேடுகள் முதுவர் குடிகளிலிருந்தும் காடர் ஊர்களிலிருந்தும் எழுதப்பட்டிருக்கின்றன? அவற்றின் நன்றியுரைகளில் நெறியாளரின் பெயர் பட்டங்களோடு நிற்கும். நூலகரின் பெயரும் நிற்கும். காட்டுக்குள் அழைத்துச் சென்று உயிரோடு திரும்பக் கொண்டுவந்தவர் ‘உள்ளூர் வழிகாட்டி’ என்னும் இரு சொற்களுக்குள் அடங்கிவிடுவார். அட்டைக்கடியும் யானைத் தடமும் ஆய்வாளரின் வீரக்கதைகளாகிவிடும்.

இதற்கு இரு மறுப்புகள் வழக்கமாக எழுகின்றன. பழங்குடியினருக்குக் கயிற்று நுட்பமோ முதலுதவியோ தெரியாது என்பது முதலாவது. தெரியாவிட்டால் கற்றுக்கொடுக்க வேண்டும். அது அதிகாரத்தை மறுக்கக் காரணமாகாது. பொலிவியாவில் மலையேறிகளுக்குச் சமைத்தும் சுமை தூக்கியும் வந்த அய்மாரா பெண்கள் 2015இல் தாமே ஏறத் தொடங்கினர். 2019 ஜனவரியில் தம் மரபுப் பாவாடையுடன் 6,961 மீட்டர் உயரமுள்ள அகொன்காகுவாவின் உச்சியை அடைந்தனர். நுட்பம் எவருடைய பிறப்புரிமையும் அன்று.

பழங்குடியினர் எல்லாரும் காட்டை அறிந்தவர்கள் என்பது கற்பனை என்பது இரண்டாவது. இம்மறுப்பில் உண்மை உண்டு. விடுதியில் தங்கிப் படித்து வளர்ந்த முதுவ இளைஞருக்குத் தம் பாட்டனார் அறிந்த தடம் தெரியாமல் இருக்கலாம். காட்டறிவு இரத்தத்தில் வருவதன்று, நடையில் வருவது. ஆகவேதான் அதிகாரம் தனியொரு வழிகாட்டியிடம் மட்டும் இருக்கக்கூடாது. பருவத்தையும் தடத்தையும் தொடர்ந்து கவனித்துவரும் ஊர்க்கூட்டத்திடம் இருக்க வேண்டும். தனியொருவர் வாடிக்கையாளரின் வற்புறுத்தலுக்கு இணங்கிவிடலாம். ஊரின் முடிவைக் காட்டி மறுப்பவர் இணங்க வேண்டியதில்லை.

இது புதிதாகக் கேட்கும் சலுகையும் அன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூக வன வளங்களுக்குள் நுழைவதை ஒழுங்குபடுத்தவும், காட்டுக்கும் காட்டுயிருக்கும் கேடு செய்யும் செயல்களை நிறுத்தவும் கிராம சபை எடுக்கும் முடிவுகள் பின்பற்றப்படுவதை உறுதிசெய்யும் அதிகாரத்தை அளித்திருக்கிறது. சட்டம் இயற்றிய பிறகும் அந்த அதிகாரம் மலையேற்றத்தின் நுழைவாயிலை வந்தடையவில்லை.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. எந்தத் தடம், எந்த மாதம், எத்தனை பேர் என்பதை வனத்துறை தனியே முடிவுசெய்யாமல் ஊர்க்கூட்டத்தின் ஒப்புதலோடு முடிவுசெய்ய வேண்டும். எல்லையின் இருபுறத்து ஊர்களுக்கும் அதில் குரல் வேண்டும். பாதி வழியில் திருப்பி அழைத்துவரும் வழிகாட்டிக்கு அன்றைய முழுக்கூலி எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யப்பட வேண்டும். அது இல்லாதவரை அவரது எச்சரிக்கைக்கு விலையாக அவரது அடுப்பே அணைகிறது. களப்பணியை நம்பி எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும், அவர் விரும்பினால், வழிகாட்டியின் பெயரும் பங்களிப்பும் முறையாகப் பதிவாக வேண்டும். ஆய்வு நெறிக்குழுக்கள் இதை நிபந்தனையாக்க வேண்டும்.

இவற்றில் மூன்றாவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அடுத்த பருவத்தில் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேட்டிலேயே அதைத் தொடங்கலாம். பருவம் தவறி மலையேறப் புறப்படும் மாணவர் குழுவிடம், அந்த ஊரில் யாரைக் கேட்டீர்கள் என்று ஒரு பேராசிரியர் கேட்பதற்கும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. 2018 மார்ச்சில் அக்கேள்வியை எழுப்பி அதன் விடைக்குக் கட்டுப்பட்டிருந்தால், குரங்கணிச் சரிவிலிருந்து சுமந்து இறக்கப்பட்டவர்கள் நடந்தே இறங்கியிருக்கக்கூடும்.