பழைய முகவரிக்கு வருகிறவர்கள்

பாலக்காடு ஜங்ஷனுக்கு இது மூன்றாவது பெயர். முதலில் ஒலவக்கோடு. பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டலில் பால்காட். 1990களின் தொடக்கத்தில் கேரள அரசு ஊர்ப் பெயர்களின் ஆங்கில வடிவங்களைத் திருத்தியபோது பாலக்காடு. ஆனால் ரயில்வேயின் நிலையக் குறியீடு இன்றும் பி.ஜி.டி.தான். 'பால்காட்' விட்டுச் சென்ற மிச்சம் அது. பெயர்ப்பலகை மாறியது, முன்பதிவும் சரக்கு ரசீதும் நம்பியிருந்த குறியீடு மாறவில்லை. யாருக்கும் வண்டி தப்பவில்லை.

இடுக்கியின் கதையும் இதுபோன்றதுதான். தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு தாலுகாக்கள் 1972 ஜனவரி 26 அன்று கோட்டயத்திலிருந்து பிரிந்து புதிய மாவட்டத்துக்குப் போயின. அதே ஆண்டு ஆகஸ்ட் 15ல் பின்கோடு வந்தது. மூணாறுக்கு எழுதும் கடிதத்தில் பழக்க தோஷத்தில் 'கோட்டயம் மாவட்டம்' என்று எழுதிவிட்டாலும் அது போய்ச் சேர வழியிருந்தது. காரணம், கடிதத்தைப் பிரித்துப் போடுகிறவர் ஒரு மனிதர். வீடு மாறியவர் எழுதிக் கொடுத்தால் தபாலைப் புதிய விலாசத்துக்குத் திருப்பிவிடும் வழக்கமும் தபால் துறைக்கு உண்டு.

இன்டர்நெட்டில் தபால்காரர் கிடையாது. ஒரு பக்கத்தின் முகவரியில் ஓர் எழுத்து மாறினாலும் வருகிறவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: 404, பக்கம் இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024ல் வெளியிட்ட கணக்கின்படி, 2013ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை. ஹார்வர்டு சட்ட அறிஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, மேற்கோள் காட்டிய விஷயத்துக்கு இட்டுச் செல்லவில்லை. இப்படி மறைந்தவற்றில் எல்லாமே அழிக்கப்பட்டவை அல்ல. எத்தனையோ பக்கங்கள் வேறு முகவரிக்குக் குடிபோயின. போகும்போது யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

இதன் நஷ்டம் என்ன? தமிழக எல்லையை ஒட்டிய காந்தலூரில் ஒரு தங்கும் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2023ல் நடத்திய சிறந்த சுற்றுலாக் கிராமங்கள் போட்டியில் தங்கப் பிரிவில் தேர்வான ஊர் இது. பக்கத்து மறையூரின் வெல்லத்துக்கு 2019லும், காந்தலூர் வட்டவடைப் பூண்டுக்கு அதன் பிறகும் புவிசார் குறியீடு கிடைத்தன. ஊரின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போட்டு எழுதுவோரும் உண்டு. ஒற்றை 'யு' போட்டு எழுதுவோரும் உண்டு. விடுதிக்காரர் தன் தளத்தைப் புதுப்பிக்கும்போது எழுத்துக்கூட்டலையும் சேர்த்துத் திருத்துகிறார். தளம் அழகாகிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து உடுமலையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்துகொண்டிருந்த போன் அழைப்புகள் குறைகின்றன. கூகுளில் முதல் பக்கத்தில் இருந்த விடுதி நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

அவர் தவறு எதுவும் செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றாது. தேடுபொறியின் கணக்கு வேறு. லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998ல் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை, ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கங்கள் தரும் இணைப்புகளை ஏறக்குறைய வாக்குகளாக எண்ணுவது. இன்று தேடுபொறிகள் வேறு பல அம்சங்களையும் பார்க்கின்றன. ஆனாலும் இணைப்புக்கு மதிப்பு போகவில்லை. பயணக் கட்டுரை எழுதியவர்கள், பத்திரிகைகள், சுற்றுலாத் தளங்கள் எல்லாரும் பத்தாண்டாகச் சேர்த்துக் கொடுத்த வாக்குகள் பழைய முகவரியின் பெயரில் விழுந்தவை. புதிய முகவரி வேட்பாளர் பட்டியலுக்கே புதிது.

இதற்கு மருந்து இன்டர்நெட்டின் ஆரம்ப காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டது. 1996ல் வெளியான எச்.டி.டி.பி. 1.0 விதிகளிலேயே 301 என்ற எண் இருக்கிறது. 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது, இதோ புதிய முகவரி' என்று பொருள். 302 என்றால் தற்காலிகமாக மாறியிருக்கிறது என்று பொருள். பூட்டிய கடையின் ஷட்டரில் 'இக்கடை பஸ் ஸ்டாண்டு எதிரில் மாற்றப்பட்டுள்ளது' என்று ஒட்டும் தாளுக்கும் 301க்கும் வித்தியாசமில்லை. வாசகர் கண்ணுக்குத் தெரியாமலே புதிய பக்கத்துக்குப் போய்விடுவார். தேடுபொறியும் பழைய வாக்குகளைப் புதிய பெயரில் வரவு வைத்துக்கொள்ளும். இப்படித் திருப்பிவிடுவதால் மதிப்பில் ஒரு பங்கு கழிந்துவிடும் என்ற பயம் நெடுநாள் இருந்தது. அப்படி இழப்பு இல்லை என்று கூகுள் தரப்பு 2016ல் தெளிவுபடுத்தியது.

ஆனால் செய்கிற விதம் முக்கியம். பலரும் செய்யும் பிழை, பழைய பக்கங்கள் அனைத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. பூண்டு விலை தேடி வந்தவரை வாசலில் நிறுத்தி 'உள்ளே எங்காவது இருக்கும்' என்று சொல்வது போன்றது இது. கூகுள் இதைப் பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்றே கணக்கிடுகிறது. ஒவ்வொரு பழைய பக்கமும் அதே விஷயம் உள்ள புதிய பக்கத்துக்குப் போக வேண்டும். 500 பக்கம் இருந்தால் 500 வரி. அலுப்பான வேலை. ஆனால் ஒருமுறைதான்.

அடுத்தது சங்கிலி. 2015ல் ஒரு மாற்றம், 2019ல் இன்னொன்று, இப்போது மற்றொன்று என்றால், முதல் முகவரியை நேராகக் கடைசி முகவரிக்குத் திருப்ப வேண்டும். கூகுளின் இயந்திரம் பத்துத் தாவல் வரை பின்தொடரும். மலையில் ஒற்றைக் கோடு சிக்னலில் செல்போனைப் பிடித்திருப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளையும் புதிய முகவரிக்கே திருத்திவிட வேண்டும். டொமைனே மாறினால் கூகுளின் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தைப் பதிவு செய்யலாம். பிளாக்கரில் சொந்த டொமைனை இணைப்பவர்களுக்குப் பழைய பிளாக்ஸ்பாட் முகவரி தானாகவே திருப்பப்படும். திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தவரை எடுக்காமலே இருப்பது நல்லது. பழைய டொமைனுக்குச் சந்தா கட்டுவதை நிறுத்தினால் அதைச் சூதாட்டக்காரர்கள் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. பத்தாண்டு நற்பெயர் அவர்களுக்கு உதவும்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. யுனிகோடில் 'பாலக்காடு' என்ற சொல் எழுத்தும் குறியுமாக 9 அலகுகள். அதைப் பிரதி எடுத்து அனுப்பும்போது ஒவ்வோர் அலகும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்துகளாக விரிந்து, மொத்தம் 81 எழுத்துகள் ஆகிவிடும். நடுவில் எங்காவது ஒடிந்தால் முகவரி செத்தது. இதற்காகவே பல தமிழ்த் தளங்கள் சுருக்கமான ரோமன் முகவரிகளுக்கு மாறின. மாறியதில் தப்பில்லை. பழையதைத் திருப்பிவிட்டார்களா என்பதுதான் கேள்வி. அதற்கும் முன்பு, ஆளுக்கொரு எழுத்துருவில் இயங்கிய தமிழ்ப் பக்கங்கள் யுனிகோடுக்கு மாறியபோது ஒரு தலைமுறை இணைப்புகள் அறுந்தன. யாஹூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸை மூடியபோது தமிழர்கள் ஆசையாகக் கட்டிய இலவச வீடுகளும் போயின. அங்கே ஷட்டரில் தாள் ஒட்டவும் வழியிருக்கவில்லை.

விடுதிக்காரருக்கு இது வியாபாரம். எல்லையில் வாழும் தமிழருக்கு இது இன்னும் பெரிய விஷயம். 1969ம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் உரிமை தருகிறது. காகிதத்தில் எழுதிய காலத்தில் அலுவலகம் எங்கே என்று தெரிந்தால் போதும். இன்று விண்ணப்பமும் அறிவிப்பும் அக்ஷயா மையத்துக் கம்ப்யூட்டரில் திறக்கின்றன. உதவித்தொகைப் படிவத்தின் இணைப்பைப் பள்ளி வாட்ஸாப் குழுவில் சேமித்து வைத்த பெற்றோர், தளம் புதுப்பிக்கப்பட்ட பின் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ புதிதாகத் தேடத் தொடங்க வேண்டும். பாடப்புத்தகத்திலும் நோட்டீசிலும் அச்சான க்யூ.ஆர். குறியை யாராலும் திருத்த முடியாது. அதற்குத் திருப்பிவிடுவது ஒன்றே வழி.

நினைவுக்கும் இதே கதி. 2015 செப்டம்பரில் போனஸ் கேட்டு மூணாறு சாலையில் அமர்ந்த தோட்டத் தொழிலாளப் பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மண் சரிந்து, காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர் மாண்டார்கள். லயங்களில் தலைமுறையாக வாழ்ந்த இவர்களுக்குப் பத்திரச் சான்றுகள் குறைவு. நாளிதழ்ச் செய்திகளும் அரசு அறிவிப்புகளும்தான் ஆவணம். ஒரு மாணவி பத்தாண்டு கழித்து இதை ஆராயும்போது அடிக்குறிப்பில் உள்ள முகவரி திறக்க வேண்டும். 1996ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் பல பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அதன் கண்ணில் பட்டவை மட்டுமே அங்கே கிடைக்கும்.

நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1998லேயே எழுதினார். மாறாமலே இருப்பது எல்லாருக்கும் சாத்தியமில்லை. தளத்தைப் புதுப்பிக்க டெண்டர் விடும் அலுவலகங்களும், டிசைனருக்குப் பணம் கொடுக்கும் வியாபாரிகளும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம்: பழைய முகவரிகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்குத் திருப்பி, திறந்து பார்த்துக் காட்டிய பிறகே கடைசித் தவணை.