இலவச மென்பொருளில் கடை விரிக்கலாமா?

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது சமையலறையே சிறு தொழிற்சாலையாகிவிட்டது. ஒரு வீட்டில் சாம்பார்ப் பொடி, ஒரு வீட்டில் வடகம், இன்னொரு வீட்டில் முறுக்கும் தட்டையும். வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த வியாபாரம் கொஞ்சம் வளர்ந்ததும், "நமக்கென்று இணையத்தில் ஒரு கடை வைத்தால் என்ன? மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறதாமே?" என்ற கேள்வி வருகிறது. சென்ற பொங்கல் விழாவில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். டிப்ளமா முடித்து, ரயில்வே லோகோ ஷெட்டில் 37 வருஷம் எண்ணெய்க் கையோடு இருந்தவனிடம் இதை ஏன் கேட்க வேண்டும்? எங்கள் வீட்டில் சூடு கண்ட பூனை ஒன்று இருப்பது ஊருக்குத் தெரியும். அந்தப் பூனை நான்தான்.

என் மருமகள் பொடி வகைகள் விற்கிறாள். முதலில் வாடகைக் கடைதான் வைத்தோம். ஒரு நிறுவனத்தின் மென்பொருள். மாதம் 1,500 ரூபாய். படம், விலை, கூடை, பணம் கட்டும் வசதி எல்லாம் தயாராக இருந்தன. ஒன்றரை வருஷத்தில் வாடகை இரண்டு மடங்காயிற்று. காலி செய்கிறோம் என்றோம். "தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் ஆர்டர் விவரமும் வாடிக்கையாளர் பட்டியலும் எங்கள் முறையில்தான் இருக்கும், வெளியே எடுத்துத் தர முடியாது" என்று பதில் வந்தது. ராய்ப்பூர், பிலாய், போபால் என்று சேர்த்து வைத்திருந்த 300 குடும்பங்களின் முகவரிகளை, பழைய ரசீதுகளைப் பார்த்து அவள் கையால் எழுதி எடுத்தாள்.

நாக்பூரில் பல வருஷம் இருந்தவர்களுக்கு இத்வாரி ஸ்டேஷன் ஞாபகம் இருக்கும். சிந்த்வாரா பக்கமிருந்து வந்த நேரோ கேஜ் பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர். பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். அந்த வண்டி இந்தத் தண்டவாளத்தில் ஏறாது. மூட்டையை இறக்கித்தான் ஏற்ற வேண்டும். எங்கள் கடைக்கும் அதே கதி.

அந்தக் கோபத்தில், "இனி இலவச மென்பொருள்தான்" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கம், மென்பொருளைப் பயன்படுத்தவும், பிரித்துப் பார்க்கவும், மாற்றவும், பிறருக்குக் கொடுக்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும் என்றது. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் ஒரே சொல், அதனால் குழப்பம். தமிழில் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'இலவசம்' வேறு, 'கட்டற்ற' வேறு. இவை கட்டற்ற மென்பொருள்கள். விலை இல்லாமல் கிடைப்பது அதன் ஒரு பக்கம் மட்டுமே.

கடை வைப்பதற்கான இத்தகைய மென்பொருள்களுக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 2000-இல் ஜெர்மனியில் ஓஎஸ்காமர்ஸ் தொடங்கியது. அதிலிருந்து 2003-இல் ஜென் கார்ட் கிளைத்தது. 2007-இல் பிரான்ஸில் பிரெஸ்டாஷாப், 2008-இல் மஜெந்தோ, 2011-இல் வேர்ட்பிரஸ் மேல் ஏறி ஓடும் வூகாமர்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்க முடிவதே இதன் பலம். நம் ரயில்வேயில் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. ஒரு பாகத்துக்கு வரைபடம் போட்டுவிட்டால், அங்கீகாரம் பெற்ற பல கம்பெனிகள் அதைச் செய்யலாம். ஒருவர் கடையை மூடினாலும் என்ஜின் நிற்காது. வரைபடம் நம் கையில் இருப்பதன் அருமை ஷெட்டில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும்.

ஆனால் வரைபடம் இருந்தால் போதுமா? மின்சார என்ஜினுக்கு ட்ரிப் இன்ஸ்பெக்ஷன் உண்டு, மாதக்கணக்கில் ஷெட்யூல் உண்டு, சில வருஷங்களுக்கு ஒரு முறை பி.ஓ.எச். உண்டு. இதையெல்லாம் முப்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான், சொந்த வீட்டுக் கடையில் கோட்டை விட்டேன். கடையை நிறுவியபின் எட்டு மாதம் யாரும் அதை எட்டிப் பார்க்கவில்லை. புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்பு தினமும் திரையில் நின்றது. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு யாரோ சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுப்பித்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மருமகள் வந்து, "மாமா, கூடையில போட முடியுது, பணம் கட்டுற பக்கம் வரமாட்டேங்குது" என்றாள். பணம் வாங்குவதற்காகச் சேர்த்திருந்த ப்ளக்இன் புதிய பதிப்போடு ஒத்துப்போகவில்லை. பேக்கப் எடுத்திருக்கவில்லை. வருஷத்திலேயே அதிகம் விற்கும் மூன்று நாட்கள் கடை மூடிக் கிடந்தது. அரைத்து வைத்த பொடியைப் பார்த்துக்கொண்டு அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

யாரிடம் புகார் கொடுப்பது? இத்தகைய மென்பொருள்களின் உரிம வாசகத்திலேயே 'எந்த உத்தரவாதமும் இல்லை' என்று எழுதியிருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பராமரிக்காவிட்டால் விற்பனை போவதோடு நிற்காது. மஜெந்தோவின் முதல் தலைமுறைப் பதிப்புக்கு அதன் நிறுவனம் 2020 ஜூனில் ஆதரவை நிறுத்தியது. அந்த செப்டம்பரில் ஒரே வார இறுதியில் ஏறக்குறைய 2,000 கடைகளில் திருடர்கள் நுழைந்து, வாங்குவோர் பதியும் கார்டு விவரங்களைக் களவாடும் நிரலைப் புகுத்தினார்கள். பெரும்பாலானவை அந்தப் பழைய பதிப்பில் ஓடியவை. அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வரைபடம் திறந்திருந்ததால், ஓபன்மேஜ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் சிலர் அந்தப் பழைய பதிப்பையே தொடர்ந்து செப்பனிட்டு வந்தார்கள். கவனித்தவர்களுக்கு வழி இருந்தது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். மென்பொருள் இலவசம், அது குடியிருக்கும் சர்வர் இலவசமில்லை. இணையப் பெயருக்கும் சர்வருக்கும் வருஷா வருஷம் கட்ட வேண்டும். பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்கள் பொதுவாக நூற்றுக்கு 2 ரூபாய் அளவில் கமிஷனும், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் எடுத்துக்கொள்ளும். வாடகைக் கடையானாலும் சொந்தக் கடையானாலும் இது உண்டு. எங்கள் வீட்டில் முதல் வருஷச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது பழைய வாடகையில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. என் ராத்திரி விழிப்புக்குக் கணக்கு எழுதவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. மாதம் இருபது முப்பது ஆர்டர்தான் என்றால் வாட்ஸ்அப்பும் யு.பி.ஐ.யும் போதும், கடையே வேண்டாம். அதற்கு மேல் போனால், மாதம் ஒரு முறை கடையைத் திறந்து பார்த்து, பேக்கப் எடுத்து, புதுப்பிக்க வீட்டில் ஒரு ஆள் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வெட்கப்படாமல் வாடகைக்கே போங்கள்; ஆனால் பட்டியலை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள். உண்டு என்றால் கட்டற்ற மென்பொருளே மேல். அதிலும் கடைசியாக எப்போது புதிய பதிப்பு வந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எந்த வழியானாலும் இணையப் பெயரை உங்கள் பேரிலேயே பதிவு செய்யுங்கள். கடை அமைத்துக் கொடுப்பவர் பேரில் வேண்டாம்.

நாங்கள் கட்டற்ற மென்பொருளிலேயே தொடர்கிறோம். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு ஷெட்யூல் நாள். முதலில் கடையின் நகல் ஒன்றில் புதுப்பித்துப் பார்ப்போம்; ஒரு பொடிப் பாக்கெட்டை நாமே வாங்கிப் பார்ப்போம்; பிறகுதான் அசல் கடை. என்ன செய்தோம் என்பதை மருமகள் ஒரு நோட்டில் எழுதுகிறாள். போன தீபாவளிக்குக் கடை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் தேடுவது கஷ்டம். சங்கத்துக்கு இரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா? கணினித் துறையில் இருக்கும் நம் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் கொடுத்தால், ஐந்தாறு வீட்டுக் கடைகளுக்கு ஒரே இடத்தில் ஷெட்யூல் போட்டுவிடலாம். கற்றுக்கொள்ள வீட்டுப் பெண்கள் தயாராகவே இருக்கிறார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேச அனுமதி கேட்டிருக்கிறேன். மருமகளின் நோட்டையும் கொண்டுவருகிறேன்.