சாரணியருக்குச் செய்யும் மரியாதை எது?

அமைச்சர் வருகிறார், மாவட்ட ஆட்சியர் வருகிறார் என்றால் பள்ளி நுழைவாயிலில் நீலச் சீருடை அணிந்த மாணவிகள் இரு வரிசையாக நிற்பார்கள். கழுத்தில் ஸ்கார்ஃப், நெற்றியருகே மூன்று விரல் வணக்கம். விருந்தினர் கடந்ததும் வரிசை கலையும். சிலர் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போவார்கள், சிலர் குடிநீர் வழங்கப் போவார்கள். மேடையில் யாராவது சாரணியரின் சேவையைப் பாராட்டி ஒரு வரி பேசுவார். அத்துடன் மரியாதை முடிந்துவிடும். பெண் பிள்ளைகளைத் தலைமைக்குப் பழக்க நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்துவரும் இயக்கத்துக்கு இது போதுமா?

இந்த இயக்கத்தின் தொடக்கமே அழையா விருந்தாளிகளால் நிகழ்ந்தது. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் நடத்திய பேரணிக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் திரண்டனர். தாங்களே ஏற்பாடு செய்துகொண்ட சீருடையில் சில சிறுமியரும் அங்கே வந்து நின்று, தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுப்பது எளிதாக இல்லை. 1910-ல் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் பெண்களுக்கென்று தனி அமைப்பு உருவானது. காடு மேடு சுற்றினால் பெண்கள் ஆண்பிள்ளைபோல ஆகிவிடுவார்கள் என்று அன்றைய பெரியவர்கள் அஞ்சினார்கள். அதனால் விலங்குகளின் பெயரைத் தாங்கிய அணிகள் பூக்களின் பெயருக்கு மாறின.

ஆனால் உள்ளே இருந்த ஏற்பாடு மாறவில்லை. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஓர் அணி, அதற்கு அவர்கள் வயதிலேயே ஒரு தலைவி. முகாமில் கூடாரம் எங்கே போடுவது, யார் சமைப்பது, அடிபட்டவளுக்கு யார் முதலுதவி செய்வது என்பதை அந்த அணிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அணித் தலைவிகள் கூடிப் பேசி, அணிகள் சேர்ந்த படையின் வேலைகளை முடிவு செய்வார்கள். பயிற்றுநர் கூடவே இருப்பார், ஆனால் முந்திக்கொள்ள மாட்டார். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி தன் முடிவுக்குத் தானே பதில் சொல்லப் பழகுவது இங்கேதான்.

அந்தப் பழக்கம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு வரலாற்றில் சான்று இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்ஐ5, செய்தி எடுத்துச் செல்லும் வேலையில் முதலில் சிறுவர்களை வைத்துப் பார்த்தது. அவர்களுக்குக் காலும் நிற்கவில்லை, வாயும் நிற்கவில்லை. பிறகு அந்த வேலை சாரணியரிடம் போனது. நாஜிகளின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் 1941-ல் போலந்துச் சாரணியர் யூசெஃபா கான்டோர் தலைமையில் ரகசியமாக ஒரு படையையே அமைத்தார்கள். பட்டினிக்கு நடுவே ரொட்டியைப் பகிர்ந்தார்கள், நோயுற்றவர்களைக் கவனித்தார்கள். அவர்களை அணிவகுத்து நிற்கச் சொல்ல அங்கே எந்த விருந்தினரும் வரவில்லை.

அமெரிக்காவில் இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜூலியட் கார்டன் லோ, காது பெரும்பாலும் கேட்காதவர். 1912 மார்ச் 12 அன்று சவன்னா நகரில் 18 சிறுமியரைக் கூட்டி ஆரம்பித்தார். தொடக்க காலச் செலவுகளுக்காகத் தன் முத்துமாலையை விற்றார். 1927-ல் காலமானார். அந்நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கம் 2012-ல்தான் அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2025-ல் கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் வந்தது. நாணயத்தில் முகம் பொறிப்பது நல்ல காரியம்தான். ஆனால் முத்துமாலையை விற்க நேர்ந்த நாளில் யாராவது பணம் கொடுத்திருந்தால் அதன் மதிப்பு வேறு.

இந்தியாவில் 1911-லேயே ஜபல்பூரில் முதல் சாரணியர் குழு தொடங்கியது. கண்டியில் 1917-ல் இலங்கையின் முதல் குழு. 1951-ல் இந்தியச் சாரணியர் சங்கம் பாரத சாரண சாரணியர் இயக்கத்தோடு இணைந்தது. உலகச் சாரணியரின் சர்வதேச மையங்களில் ஒன்றான ‘சங்கம்’ 1966 முதல் புனேயில் இருக்கிறது. 2025-ல் மணப்பாறை இயக்கத்தின் வைர விழா ஜம்போரியையே நடத்திக் காட்டியது. தமிழ்நாட்டுக்கு இந்த இயக்கம் புதிதல்ல.

சீருடை, உறுதிமொழி, சல்யூட் எல்லாம் காலனியக் காலத்துப் பழக்கம், கீழ்ப்படியத்தானே சொல்லித்தருகிறது என்று ஒரு விமர்சனம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. வரவேற்பு வரிசையோடு நிறுத்திக்கொள்ளும் பள்ளிகளில் அந்த விமர்சனம் உண்மையாகவே ஆகிவிடுகிறது. முகாமையும் அணித் தலைமையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சீருடை மட்டும்தான்.

ஆகவே மரியாதை செய்ய நினைக்கும் பள்ளிகள் மூன்று காரியம் செய்யலாம். பத்தாம் வகுப்பு வந்ததும் முகாமுக்கு அனுப்ப மறுக்கும் வழக்கத்தைக் கைவிடலாம். சாரணியருக்கான ஆளுநர் விருதுக்கும் குடியரசுத் தலைவர் விருதுக்கும் மாணவிகளைத் தயார்செய்யும் ஆசிரியைக்கு, மற்ற வேலைச் சுமையில் கொஞ்சம் குறைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது அணித் தலைவி ஒருத்தியை அழைத்து உட்காரவைக்கலாம். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பேருந்து இருக்கிறதா என்று அவளிடம் கேட்டால், எந்த ஆய்வறிக்கையிலும் இல்லாத பதில் கிடைக்கும்.