‘ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.’ என்னும் மாயை

தொகுதியின் எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக்காரராக இருந்தால்தான் ஊருக்கு ஏதாவது நடக்கும் என்பது தமிழ்நாட்டில் கட்சி பேதமின்றி ஏற்கப்பட்ட நம்பிக்கை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலம்–சேலம் சாலை சந்திக்கும் வேப்பூர் கூட்டுரோட்டிலும் தேர்தல் நேரத்தில் இந்தக் கணக்கைக் கேட்கலாம். எதிர்க்கட்சிக்காரரை அனுப்பினால் வீண், ஜெயிக்கிற பக்கம் நிற்பதே விவேகம் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நடைமுறை ஞானம் போல இருக்கும் இந்த நம்பிக்கைதான் சட்டப்பேரவையை அரசின் மனு வாங்கும் மேசையாக்கி வைத்திருக்கிறது.

அரசியலமைப்பின் 164-ஆம் பிரிவு, அமைச்சரவை சட்டப்பேரவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. அதாவது அமைச்சர் உறுப்பினருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். நடப்பதோ நேர்மாறு. 2022 ஆகஸ்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின், ஒவ்வொரு தொகுதியின் பத்து முக்கியக் கோரிக்கைகளையும் பட்டியலிட்டு மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்குமாறு 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். எதிர்க்கட்சியினரையும் சேர்த்துக்கொண்டது பாராட்டத்தக்கதுதான். ஆனால் மாநிலத்தின் மொத்த வரவுசெலவுக்கும் வாக்களிக்கும் அதிகாரம் உள்ளவர், அந்தப் பணத்தில் தன் ஊருக்கு ஒரு பாலம் வேண்டும் என்று ஓர் அதிகாரியிடம் பட்டியல் நீட்டுவது விசித்திரம் என்று எவருக்கும் தோன்றவில்லை. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி எல்லா உறுப்பினர்களுக்கும் சமமாகவே ஒதுக்கப்படுகிறது. அதற்கு ஆளுங்கட்சி அட்டை தேவையில்லை. மற்றபடி ஆளுங்கட்சி உறுப்பினரின் தொலைபேசியை அதிகாரிகள் சீக்கிரம் எடுப்பார்கள் என்பது உண்மை. அது செல்வாக்கு, கொடுத்தவர் நினைத்தால் மறுநாளே போய்விடும்.

போய்விடும் என்பதற்கு விருத்தாசலமே சாட்சி. 2006-இல் அந்தத் தொகுதி தேமுதிக தலைவர் விஜயகாந்தைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்தலில் அக்கட்சி வென்ற ஒரே இடம் அதுதான். 2016-இல் ‘விவேகமான’ தேர்வு நடந்தது: அதிமுகவின் வி.டி.கலைச்செல்வன் வென்றார், அதிமுக ஆட்சியும் தொடர்ந்தது. 2019 ஏப்ரல் இறுதியில், தனிக் கட்சி கண்டிருந்த டி.டி.வி.தினகரனை ஆதரித்ததாகக் கலைச்செல்வனுக்கும் அறந்தாங்கி, கள்ளக்குறிச்சி உறுப்பினர்களுக்கும் தகுதிநீக்க நோட்டீஸ் அனுப்பினார் சபாநாயகர் ப.தனபால். 22 தொகுதி இடைத்தேர்தல்களின் வாக்கு எண்ணிக்கைக்கு அப்போது மூன்று வாரமே இருந்தது. ஆட்சியின் பெரும்பான்மை அந்த முடிவைப் பொறுத்திருந்தது. மே 6-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததால் பதவி தப்பியது. பிறகு கலைச்செல்வன் முதல்வரைச் சந்தித்துச் சமாதானமானார். ஆளுங்கட்சி உறுப்பினராக இருப்பதன் பலம் இவ்வளவுதான்.

இதற்குக் கருவியான பத்தாம் அட்டவணை, 1985-இல் 52-ஆம் திருத்தத்தால் வந்தது. கட்சியைத் தானே விட்டு விலகினாலும், கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலும் பதவி பறிபோகும். முடிவு செய்பவர் சபாநாயகர். அவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சியின் தேர்வு. அந்த அதிகாரம் எப்படி வளையும் என்பதை 2017 காட்டியது. பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு 122–11 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு பெற்றது. எதிர்த்து வாக்களித்த 11 பேரும் அதே அதிமுகவினர், ஓ.பன்னீர்செல்வம் அணி. அவர்கள் மீது நடவடிக்கை இல்லை. ஆகஸ்ட் 21-இல் பன்னீர்செல்வம் துணை முதல்வரானார். மறுநாள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள் தினகரன் ஆதரவு உறுப்பினர்கள். அவையில் அரசுக்கு எதிராக அவர்கள் ஒரு வாக்குகூடப் போட்டதில்லை. அவர்களில் 18 பேரின் பதவி செப்டம்பர் 18-இல் பறிபோனது. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். அவையில் எதிர்த்து வாக்களித்தவர்களுக்குப் பதவி, கடிதம் எழுதியவர்களுக்குத் தண்டனை. சட்டம் ஒன்றுதான், அரசுக்கு அப்போது யார் தேவைப்பட்டார்கள் என்பதுதான் மாறியது.

கட்சித் தாவலைத் தடுக்க வேறு வழி ஏது என்று கேட்பார்கள். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புக்கு அந்த வாதம் பொருந்தும். தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஏன் பொருந்த வேண்டும்? 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மசோதாவைக் கொண்டுவந்தவர் அன்றைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ.கணேசன்; வேப்பூர் வட்டாரத்துத் திட்டக்குடித் தொகுதியின் உறுப்பினர். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. மூன்றே நாளில் தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தில் அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். கொண்டுவந்தது அரசு, நிறுத்தியது அரசு, திரும்பப் பெறுவதாகச் சொன்னதும் அரசு. நடுவில் அவை ‘ஆம்’ என்று குரல் கொடுத்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களில் பத்துப் பேர் முன்னதாகவே அவையில் மறுப்புச் சொல்ல முடிந்திருந்தால், அந்தப் பத்து நாள் குழப்பத்துக்கே இடமிருந்திருக்காது.

அவை அரசுக்கு மறுப்புச் சொன்ன காலம் தமிழ்நாட்டுக்கு அந்நியமல்ல. 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. வேப்பூர் அடங்கிய அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைத் தளமாகக் கொண்டு எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் நடத்திய உழைப்பாளர் கட்சி 19 இடங்களைப் பிடித்தது. ராஜாஜியின் அமைச்சரவை இத்தகைய சிறு கட்சிகளின் தயவை நாடியே நிற்க வேண்டியிருந்தது. 1953-இல் அவர் அவையைக் கேட்காமலே கிராமப் பள்ளிகளில் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைப் புகுத்தினார். மக்கள் வாயில் அது குலக்கல்வித் திட்டம். ஜூலையில் விவாதம் நடந்தது. திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு இரு பக்கமும் 138 வாக்குகள். திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்ற தீர்மானம் 139–137 என்று வென்றது. அரசு பருலேகர் குழுவை அமைத்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டமே கைவிடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு நேரத்தை மாற்றிய அந்தத் திட்டம், அவையில் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஆய்வுக்குப் போனது. பெரும்பான்மை இல்லாத ஆட்சி என்று அன்றைக்கு வசைபாடப்பட்ட நிலைதான் அதற்கு இடம் தந்தது.

பிரிட்டனில் அண்மைக் காலத்திலும் இப்படி நடந்தது: 2019 ஜனவரியில் அன்றைய பிரதமர் தெரசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தத்தை அவருடைய சொந்தக் கட்சியின் 118 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அதற்காக ஒருவரின் இருக்கையும் பறிக்கப்படவில்லை.

கொறடா உத்தரவை மீறியதற்கான தகுதிநீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே பரிந்துரைத்தது. தகுதிநீக்க அதிகாரத்தைச் சபாநாயகரிடமிருந்து எடுத்து நிரந்தரத் தீர்ப்பாயத்துக்குக் கொடுப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று 2020-இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். அது டெல்லியின் வேலை. ஆனால் மசோதாக்களைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதற்கோ, கடைசி நாளில் அவசரமாக நிறைவேற்றாமல் இருப்பதற்கோ, விவாதத்துக்கே இடமில்லாத 110-ஆம் விதி அறிவிப்புகளைக் குறைப்பதற்கோ எந்தத் திருத்தமும் தேவையில்லை. அவற்றைச் செய்ய அவையில் பெரும்பான்மை போதும். அந்தப் பெரும்பான்மை எப்போதும் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்களிடம்தான் இருக்கிறது.