பக்ஷிராஜனுக்கு யார் மறுமொழி சொன்னது?

சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் இதழ்க் குழுவிலுள்ள தோழியர் இருவர் முகம் சுளித்தார்கள். "வேறு தலைப்பே கிடைக்கல்லையா?" என்று கேட்டார்கள். கிடைத்தது. ஆனால் சென்ற பெரும்போகத்தின்போது வவுணதீவு வயலில் வைத்துப் பார்த்த ஒரு படம் இன்னும் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. அதை எழுதி இறக்கினால்தான் மற்றத் தலைப்புகளுக்குப் போக முடியும் போலிருக்கிறது.

வாப்பாவுக்கு வவுணதீவுப் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது. மட்டக்களப்பு நகரைத் தாண்டி வலையிறவுப் பாலத்தில் ஏறினால், வாவிக்குள் நட்ட கம்புகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவிட்டபடி நிற்கும். பாலத்துக்கு அப்பால் படுவான்கரை. விடுமுறை வந்தால் உம்மாவும் நானும் வாப்பாவோடு வாடிக்குப் போவோம். கதிர் பால் பிடித்து முற்றும் நாட்களில் பகலில் குருவிக்காவல், இரவில் யானைக்காவல். பகல் காவலில் என் பங்கு தகரத்தில் தட்டுவது. தட்டாத நேரத்தில், வாடித் திண்ணையில் சாய்ந்துகொண்டு, உம்மாவின் கைத்தொலைபேசியில் '2.0' பார்த்தேன்.

படம் 2018 நவம்பர் 29ஆந் திகதி வெளியானது. இயக்கம் ஷங்கர், நடிப்பு ரஜினிகாந்தும் அக்ஷய் குமாரும், இசை ஏ. ஆர். ரஹ்மான், ஒலியமைப்பு ஒஸ்கார் விருது பெற்ற ரசூல் பூக்குட்டி. செலவு இந்திய ரூபாவில் 500 கோடிக்கு மேல் என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. தட்டையாகப் படம்பிடித்துப் பின்னர் மாற்றாமல், முப்பரிமாணக் கமெராவிலேயே நேரடியாகப் பிடித்த படம். அந்தப் படத்தை நான் ஒரு உள்ளங்கை அகலக் கண்ணாடியில், பாதி வெயில் அடிக்கிற திரையில், தகரச் சத்தத்துக்கு நடுவே பார்த்தேன். முறையாகப் பார்க்கவில்லை என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்ததில் ஒரு நன்மை இருந்தது. காட்சிகள் எல்லாம் சிறுத்துப் போய்விட்டன. பேச்சு மட்டும் அதே அளவில் இருந்தது.

சிறுத்தும்கூடச் சில காட்சிகள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. சென்னை நகரத்து மக்களின் கைகளிலிருந்து கைத்தொலைபேசிகள் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கின்றன. காட்டுப் பாதை முழுவதும் தொலைபேசிகள் கம்பளம்போலப் பரவி, ஒளிவிட்டபடி நகர்கின்றன. பிறகு அவையெல்லாம் சேர்ந்து ஒரு இராட்சதப் பறவையாகி இறகு விரிக்கிறது. ஒவ்வொரு இறகும் ஒரு தொலைபேசி. அந்தப் பறவையைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழ்ப் படத்துக்கு இப்படி வராது என்று நினைத்திருந்த காலம் ஒன்று இருந்தது; அது முடிந்துவிட்டது.

பறவைக்குள் இருப்பவர் பக்ஷிராஜன். பறவைகளை நேசித்த ஒரு முதிய பேராசிரியர். கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று கம்பனிக்காரரிடம் போகிறார், அமைச்சரிடம் போகிறார், நீதிமன்றம் போகிறார். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு கோபுரத்திலேயே தூக்கிட்டு இறக்கிறார். இறந்த பிறகு வந்து, தொலைபேசி வியாபாரியையும் கம்பனி முதலாளியையும் அமைச்சரையும் கொல்கிறார்.

இந்தப் பாத்திரம் பறவையியலாளர் சலீம் அலியை நினைவில் வைத்து உருவாக்கப்பட்டது. 1896இல் பம்பாயில் பிறந்து 1987இல் காலமான அவரைப் பற்றி நம் கல்லூரியில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிறுவனாக இருக்கையில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் கறை. இது என்ன குருவி என்ற கேள்வியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அந்த ஒரு கேள்வியிலிருந்து ஒரு வாழ்நாள் முழுவதும் நீண்டது. டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிக் கைநூலில் நமது தீவின் பறவைகளும் அடக்கம். வலையிறவு நீர்க்காகத்துக்கும் அதில் பக்கம் உண்டு.

அப்படிப்பட்ட ஒருவரை நினைத்து எழுதிய பாத்திரம் வாயைத் திறந்தால் என்ன பேச வேண்டும்? படத்தில் அவர் சொற்பொழிவு செய்கிறார். பறவைகளின் சிறப்பு, பயிருக்குப் பூச்சி தின்னும் நன்மை, அலைக்கற்றை, கோபுரங்களின் எண்ணிக்கை. எல்லாம் ரியூசன் வகுப்புக் குறிப்புப்போல வருகின்றன. எதிரில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று முதலிலேயே முடிவு கட்டியாயிற்று. ஆகவே அவர்களும் கேள்வி கேட்பதில்லை, இளக்காரமாகச் சிரிக்கிறார்கள். சிட்டுக்குருவி குறைவதற்குத் தொலைபேசிக் கதிர்வீச்சுத்தான் காரணம் என்று விஞ்ஞானம் இன்னும் நிறுவவில்லை. கூடு கட்ட இடமில்லாத வீடுகள், குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமை என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. படம் வெளியாகும் முன்பே இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைச் சபைக்கு முறைப்பாடு செய்திருந்தது. சரி, கம்பனிக்காரர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் விஞ்ஞானி வசீகரன் கேட்டிருக்கலாமே! "ஐயா, உங்கள் ஆதாரம் என்ன?" என்று ஒரு வரி. அதற்குப் பக்ஷிராஜன் தடுமாறி, பிறகு தன் குறிப்பேட்டை எடுத்து விரித்திருந்தால், அந்தக் காட்சிக்கு ஒரு சதமும் கிராபிக்ஸ் செலவில்லை.

காக்கா கொழும்பில் வேலை செய்கிறார். அவர் இந்தப் படத்தை அங்கே தியேட்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர். வாடியிலிருந்து அவருக்கு அழைப்பெடுத்துக் கேட்டேன். "பறவை முகத்துக்கு நேரே வந்துது தங்கச்சி, நான் தலைய குனிஞ்சிட்டன்!" என்றார். பக்ஷிராஜன் என்ன சொன்னார் என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. "என்னவோ, குருவி சாகுது எண்டு..." என்றார். அதே காக்கா 'எந்திரன்' படத்தின் வசனங்களை இன்றும் வீட்டில் ஒப்புவிப்பார்.

'எந்திரன்' 2010இல் வந்தது. அதன் வசனத்தில் எழுத்தாளர் சுஜாதாவின் கை இருந்தது. படப்பிடிப்பு முடியக் காணாமல் 2008இல் அவர் இறந்துபோனார். ஷங்கரும் மதன் கார்க்கியும் மிச்சத்தை எழுதினார்கள். அதிலும் கிராபிக்ஸ் இருந்தது, தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. ஆனால் இயந்திர மனிதன் சிட்டி சபை நடுவே கேள்விகளுக்குப் பதில் சொல்லும் காட்சியில் என்ன கிராபிக்ஸ்? கடவுள் இருக்கிறாரா என்று கேட்கிறார்கள். கடவுள் என்றால் என்ன என்று சிட்டி திருப்பிக் கேட்கிறது. படைத்தவர் என்கிறார்கள். என்னைப் படைத்தவர் இதோ இருக்கிறாரே என்று வசீகரனைக் காட்டுகிறது. அந்தப் பதிலை நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம். ஆனால் ஒரு இயந்திரத்தின் அறிவு எதுவரை எட்டும், எங்கே நின்றுவிடும் என்பது நான்கு வரியில் விளங்கிவிடுகிறது.

அந்தப் படத்தில் இன்னொரு காட்சி. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆடையில்லாமலே சிட்டி தூக்கிக்கொண்டு வந்து ஊர் நடுவே நிறுத்துகிறது. உயிரைக் காப்பாற்றியதாக நினைக்கிறது. அவள் வெட்கம் தாங்காமல் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். நெருப்பு எவ்வளவு உயரத்துக்கு எரிந்தது என்பது எனக்கு நினைவில்லை. அவள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது நினைவிருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றும்.

'2.0' வசனத்தை ஷங்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜெயமோகன். இதை அறிந்தபோதுதான் எனக்கு உண்மையில் மனம் கசந்தது. ஏனென்றால் அவருடைய 'யானை டாக்டர்' கதையை எங்கள் தமிழ் ஆசிரியை பிரதியெடுத்து வகுப்பில் தந்திருந்தார். காட்டுக்கு உல்லாசம் போகிறவர்கள் உடைத்து எறியும் மதுப் போத்தல், யானையின் காலில் ஏறி, புழுத்து, அந்தப் பெரிய உயிரைக் கொல்கிறது என்று அதில் வரும். வவுணதீவுப் பக்கம் யானை என்றால் எங்களுக்குப் பகை. ஒரு இரவில் வயலை மிதித்துப் போட்டுவிடும், ஆட்களும் செத்திருக்கிறார்கள், யானைவெடி இல்லாமல் இரவில் வாடியில் தங்க முடியாது. அப்படிப்பட்ட எனக்கே, அந்தக் கதையைப் படித்த இரவு தூரத்தில் யானைவெடி கேட்டபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. ஒளிப்பிரதிக் கடதாசி நாலைந்து செய்த வேலை அது.

அவருக்கு எழுதத் தெரியாமலில்லை. படத்தில் அவருக்கு இடம் இருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். பக்ஷிராஜனின் பழைய கதை வரும் சிறிது நேரத்தில், அக்ஷய் குமார் கிழவனாகிச் செத்த குஞ்சைக் கையில் வைத்திருக்கும்போது, யாரோ ஒருவர் மெதுவாகப் பேச முயல்வது கேட்கிறது. அதற்குள் அடுத்த சண்டைக்கு நேரமாகிவிடுகிறது.

பெண்களுக்குக் கிடைத்த பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதற் படத்தின் நாயகி சனா இதில் தொலைபேசியில் வரும் வெறும் குரல். முகமே இல்லை. நிலா என்ற பெண் உருவ இயந்திரம் வசீகரனுக்கு எடுபிடி, சிட்டிக்குக் காதலி. இரண்டு பெண்களில் ஒருத்தி குரல், ஒருத்தி இயந்திரம்!

இந்த மாதிரிப் படத்துக்குக் கண்ணுக்காகத்தானே போகிறோம், பேச்சு எதற்கு என்று காக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். பேச்சு இல்லாமலே பறவை பறக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் '2.0' வாய் மூடிய படமில்லை. ஆளின் ஒளிவட்டத்தை 'ஓரா' என்கிறார்கள், அதை விளக்க ஒரு பாடம், அதை அடக்க இன்னொரு பாடம், சண்டைக்கு நடுவே சிட்டியின் எதுகை மோனை. பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இது நம்மவர் நோய் மட்டுமல்ல. 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' படப்பிடிப்பில் நடிகர் ஹரிசன் போர்ட் இயக்குநர் ஜோர்ஜ் லூக்கசிடம், இந்த வசனங்களை டைப் அடிக்கலாம், வாயால் சொல்ல முடியாது என்று சண்டை பிடித்த கதை பிரசித்தம்.

படத்தின் முடிவில் விளையாட்டு மைதானத்தில் இராட்சதச் சிட்டியும் இராட்சதப் பறவையும் மோதுகின்றன. குட்டிச் சிட்டிகள் புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. பறவைக்காக உயிரை விட்டவரைப் பறவையில் ஏறி வந்து அடிக்கிறார்கள் என்பது எழுதியவர்களுக்கு உறைத்ததோ என்னவோ. பிறகு வசீகரன், பக்ஷிராஜன் சொன்னதிலும் நியாயம் உண்டு என்று அமைச்சரிடம் இரண்டு வார்த்தை சொல்கிறார். படம் முடிந்தது, பற்றரியும் முடிந்தது.

எங்கள் வயலைப் பார்க்கிற முல்லைக்காரர் ஒரு பெரியவர், படுவான்கரை ஆள், வாப்பாவுக்கு மூத்தவர். தேத்தண்ணி குடிக்க வந்தவர் என்ன கதை என்று கேட்டார். சொன்னேன். தொலைபேசி பறந்ததைச் சொன்னபோது பொக்கை வாயால் சிரித்தார். கோபுரம் என்றதும் திரும்பிப் பார்த்தார். எங்கள் வட்டையிலிருந்து ஒரு கோபுரம் தெரியும். அந்த நேரம் அதில் காகங்கள் வரிசையாக இருந்தன.

"அந்த மனிசன் கேட்டதுக்கு என்ன மறுமொழி சொன்னாங்க புள்ள?"

"மறுமொழி ஒண்டும் சொல்லல்ல ஐயா. அடிச்சுத் தோற்கடிச்சாங்க."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். குருவியை நீங்கள் ஏன் வெடி போட்டு விரட்டுவதில்லை என்று நான் கேட்டேன். "அதுக்கும் ஒரு பங்கு கிடக்கு. ஆனா எல்லாத்தையும் தின்ன விடேலா. நீ தகரத்தத் தட்டு" என்றார். வாப்பா, பறவை தின்பதும் ஸதக்காதான் என்று இழுத்தார். "ஸதக்கா உங்களுக்கு முதலாளி, குத்தகை எனக்கெல்லோ!" என்றார் பெரியவர். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். நான் தகரத்தைத் தட்டப் போனேன். பக்ஷிராஜனும் வசீகரனும் இப்படி ஒரு திண்ணையில் இருந்து பேசியிருந்தால், காக்காவுக்கு அந்தப் பேச்சு நினைவிலிருந்திருக்கும்.

இம்முறை தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எங்கள் வகுப்பு நாடகம் போடுகிறது. கதை, யானையும் வயலும். யானைக்கு உருவம் செய்யக் கடதாசி மட்டை சேர்த்தாயிற்று, தந்தத்துக்குள் மின்குமிழ் வைப்பது என்றும் தீர்மானமாகிவிட்டது. புகை இயந்திரத்தின் வாடகையைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. வசனம் எழுதும் கொப்பி என்னிடம் இருக்கிறது. முதற் காட்சியில் வயற்காரர் பேசி முடித்துவிட்டார். இரண்டாங் காட்சியில் யானை பேச வேண்டும். அதற்கு மூன்று பக்கம் எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். புகைக்கு வைத்திருக்கும் காசை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று வகுப்புத் தலைவியிடம் சொல்லியிருக்கிறேன்.