பழைய சரக்கை ஒழிக்கும் முன்

"புது மாடல் வந்துவிட்டது, பழையதைத் தள்ளிவிடுங்கள்" என்று கம்பெனிப் பிரதிநிதிகள் சொல்லும்போதெல்லாம், நாம் கிட்டார் பெடலின் கதையை நினைத்துக்கொள்வது நல்லது.

பெடல் என்பது கிட்டார் ஒலியை மாற்ற, வாசிப்பவர் காலால் அழுத்தும் சிறு பெட்டி. ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1981-ல் டி.எம்.-2 என்ற அனலாக் எதிரொலிப் பெடலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983-ல் அதே நிறுவனத்தின் டிஜிட்டல் பெடலான டி.டி.-2 வந்தது. முன்னதில் ஒலியை 300 மில்லி விநாடி வரைதான் தாமதிக்கலாம். பின்னதில் 800 வரை. ஒலியும் தெளிவு. 1984-ல் பழையதன் உற்பத்தி நின்றது.

ஆனால், எதிரொலி மங்கிக்கொண்டே போகும் அந்தக் குறையையே இனிமை என்று வாடிக்கையாளர்கள் தேடினார்கள். 1999-ல் அமெரிக்காவின் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட டி.எல்.4 என்ற டிஜிட்டல் பெடல், பல பழைய கருவிகளின் ஒலியோடு டி.எம்.-2 ஒலியையும் அப்படியே போலச் செய்தது. 2014-ல் பாஸ் நிறுவனமே அனலாக் டி.எம்.-2-ஐத் திரும்பக் கொண்டுவந்தது!

ஒரே பெட்டியில் பல ஒலி கேட்பவருக்கு டிஜிட்டல்; ஒரே ஒலியை அசலாகக் கேட்பவருக்கு அனலாக். இரண்டுக்கும் ஆள் உண்டு.

பழைய சரக்கெல்லாம் திரும்பி வரும் என்று நாம் சொல்லவில்லை. முடங்கும் முதலுக்கு வட்டி கட்டுவது நாம்தான். ஆனால் எதை நிறுத்துவது என்பதைப் பிரதிநிதியின் பேச்சு தீர்மானிக்கக் கூடாது. நமது கணக்கேடும் வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லும் தீர்மானிக்கட்டும்.